சுவரில்லாத கதவு

முழுக்கக் கேட்டுவிட்டு நியாயம் சொல்லுகிறவர்களுக்குத்தான் இந்தக் கதை. பாதியில் ‘ஐயோ பாவம்’ என்று எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடலாம்.

சிறுகல்மேடு என்று ஒரு மலையூர். ஒரு விடியற்காலை பூமி குலுங்கியதில் ஊரே சரிந்து விழுந்தது. செய்தி கேட்டு அடிவாரத்திலிருந்து முதலில் ஏறி வந்தவன் மருதாசலம் என்ற தச்சன். அவனை யாரும் கூப்பிடவில்லை. மனைவி போய்ச் சேர்ந்தபின் அவன் வீட்டில் அவனைத் தேட ஆள் கிடையாது. எங்கே இருந்தால் என்ன என்று கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். வழியில் பாறை சரிந்த இடத்தில் ஒருவன் இறந்து கிடந்தான். பக்கத்தில் உப்பு மூட்டை சிதறியிருந்தது. இடது கையில் சுண்டுவிரல் இல்லை. யார் பெற்ற பிள்ளையோ என்று, தனியாளாகக் கல்லடுக்கி அவனை மூடிவிட்டு மேலே நடந்தான். வந்ததும் வராததுமாக இடிபாட்டில் கைவைக்க வேண்டியிருந்ததால், அதை யாரிடமும் சொல்ல வாய்க்கவில்லை.

பழைய இடம் இனி ஆகாது, ஓடைக்கு அப்பாலுள்ள சமதரையில் வீடு கட்டலாம் என்று ஊர் கூடி முடிவு செய்தது. மரம்தான் பஞ்சம். பச்சை மரத்தில் கதவு செய்தால் காயக் காய முறுக்கிக்கொள்ளும். ஆகவே இடிந்த வீடுகளின் நிலை, கதவு, உத்தரம் எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டு, அவரவர் தேவைக்கு மருதாசலம் எடுத்துக் கொடுப்பது என்று பேச்சு. எல்லோரும் கொண்டுவந்து போட்டார்கள், பேச்சாயி ஒருத்தியைத் தவிர.

அவள் வீட்டில் சுவர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நிலையும் கதவும் மட்டும் நின்றன. உப்பு வாங்கச் சந்தைக்குப் போன அவள் புருஷன், “இருட்டினாலும் வந்துருவேன், கதவைச் சாத்திராதே” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அந்த வார்த்தைக்காக, வெட்டவெளியில் அந்தக் கதவைத் திறந்து வைத்து, பொழுது சாய்ந்தால் படியில் விளக்கேற்றி உட்கார்ந்திருப்பாள்.

“ஆள் எப்படி இருப்பாரும்மா?” என்று ஒருநாள் மருதாசலம் கேட்டான்.

“பாத்தாலே தெரியும் ஆசாரி அண்ணே. இடது கையில சுண்டுவிரல் இருக்காது.”

பாறைச் சரிவில் கல்லடுக்கி மூடியவன் அவன் நினைவுக்கு வந்தான். சொல்ல வாயெடுத்தான். அவளோ திரியைத் தூண்டிவிட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படிப் பார்க்கத் தனக்கும் ஒருத்தி இருந்தாளே என்று நினைத்துக்கொண்டான். ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டான். ஆனால் அன்று முதல் வேலை முடிந்ததும் கால்கள் தாமாக அங்கேதான் போயின. அந்த விளக்கு வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் உட்காராவிட்டால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி வீடு மாதி என்ற பெண்ணுடையது. அவளுக்குக் கைக்குழந்தை. சுவர் எழும்பிவிட்டது, கூரையும் போட்டாயிற்று, கதவுக்கு மட்டும் மரம் இல்லை. ஊரைச் சுற்றிச் சிறுத்தை வேறு நடமாடியது. பேச்சாயியின் கதவைப் பெயர்த்துக்கொண்டு வா என்று ஊர்ப் பெரியவர்கள் மருதாசலத்திடம் சொன்னார்கள். மாதி சம்மதிக்கவில்லை.

“ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கிற கதவைப் பிடுங்கி என் பிள்ளையைத் தூங்க வைக்க மாட்டேன்” என்றாள்.

அது பேச்சாயியின் காதுக்குப் போயிற்று. மறுநாள் அவளே தச்சனைத் தேடி வந்தாள்.

“கழட்டுங்க அண்ணே. பச்சைப் பிள்ளை. நானும் ஓடைக்கு அந்தப் பக்கமே வந்துர்றேன்.”

கடைசி ஆணி கழலும்வரை அவள் கை நிலையைவிட்டு எடுபடவில்லை. மருதாசலம் தலை நிமிராமல் வேலையை முடித்தான். அன்று மாதியின் குழந்தை பயமில்லாமல் தூங்கியது.

வேலை முடிந்து அவன் மலை இறங்கும் நாளில் பேச்சாயி ஊர் எல்லைவரை கூடவே வந்தாள்.

“வழியில அவுகளைப் பாத்தா, வீடு மாறிப் போச்சுன்னு சொல்லுங்க. பழைய இடத்துல தேடித் திண்டாடுவாக.”

“சொல்றேன்மா” என்றான் மருதாசலம்.

மாதி வேண்டாம் என்றாள். பேச்சாயி கொடுத்தாள். மருதாசலம் மறைத்தான். இதில் யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு?

பெண்கள் இருவர் செய்ததும் சரி. மாதி அடுத்தவள் ஏக்கத்தை மதித்தாள். பேச்சாயி, புருஷன் வருவான் என்று நம்பிக்கொண்டே அவனுக்காக வைத்திருந்த கதவைக் கொடுத்தாள். தப்பு மருதாசலத்துடையதுதான். அவள் மனம் உடையக் கூடாது என்று மறைத்ததாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உள்ளபடி, அவள் காத்திருப்பதைப் பார்க்கப் பார்க்கத் தனக்காகவே ஒருத்தி காத்திருப்பதுபோல் இருந்தது அவனுக்கு. அதை விட்டுவிட மனம் வரவில்லை. அழ வேண்டியவளை அழவிடாமல் உட்கார வைத்துவிட்டான். பாதி மலை இறங்குவதற்குள் இது அவனுக்கே விளங்கிவிட்டது. திரும்பி ஏறத் தொடங்கினான். தூரத்தில் ஓர் ஆள் ஏறி வருவதைக் கண்டு, தன் புருஷன்தான் என்று எல்லையிலேயே நின்றிருந்த பேச்சாயி ஓட்டமும் நடையுமாக எதிரே இறங்கி வந்தாள்.