கஞ்சி ஆறும் நேரம்

கஸ்பாருக்குச் செபம் வரவில்லை.

முழந்தாள் போடுவார். நெற்றியில் சிலுவை வரைவார். கைகளைக் கூப்பிக் கண்ணை மூடுவார். அதற்குமேல் ஒன்றும் நகராது. மனப்பாடமான செபங்கள் வாயில் வரும். அவை வாயோடு நின்றுவிடும்.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. காலமெல்லாம் துறைமுகத்தில் லாஞ்சி ஓட்டியவர். பெரிய விசைப்படகை அந்தக் கரையில் லாஞ்சி என்றுதான் சொல்வார்கள். மனைவி போய்ச் சேர்ந்தாள். மகள்கள் கட்டிக்கொடுத்த ஊர்களில் இருந்தார்கள். கடலும் இல்லை, வீடும் இல்லை என்று ஆனபோது யாரோ சொன்னார்கள்: "புன்னைத்துறைக்குப் போய் இஞ்ஞாசியம்மாவைப் பாரும். அவங்க செபிச்சா கேக்கும்."

இஞ்ஞாசியம்மா கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால் ஒரு கஞ்சி வீடு நடத்திவந்தார். தொழிலுக்குப் போக முடியாதவர்களுக்கும் ஆள் இல்லாதவர்களுக்கும் தினமும் காலையில் ஒருவேளைக் கஞ்சி. கஸ்பாரைவிடப் பத்து வயதாவது இளையவர்.

கஸ்பார் போனபோது அவர் பானையருகே நின்று ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்குச் செபம் பண்ணச் சொல்லித் தரணும், அம்மா."

"உங்க பேரு?"

"கஸ்பாரு."

"என்ன தொழிலு?"

"லாஞ்சி டிரைவரு. இப்ப இல்ல."

"எந்த லாஞ்சி?"

"விண்ணரசி."

இஞ்ஞாசியம்மா அகப்பையைப் பானைமேல் வைத்தார். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வந்த நேரம் சரியில்லை போலிருக்கிறது என்று கஸ்பார் கிளம்பப் பார்த்தார்.

கதவு திறந்தது. முகம் கழுவியிருந்தார்.

"இருங்க அண்ணே," என்றார். "முதல்ல கஞ்சி குடிங்க."

கஸ்பார் அங்கேயே தங்கிவிட்டார். விறகு வெட்டினார். தண்ணீர் தூக்கினார். பெரிய பானைகளைத் தேய்த்தார். செபம் பற்றி இஞ்ஞாசியம்மா வாயே திறக்கவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கஸ்பாரே கேட்டார்.

"எப்பம்மா சொல்லித் தருவீங்க?"

"உங்களுக்கு ஆகாத ஆளு ஒருத்தர் பேரைச் சொல்லுங்க."

"என் மச்சினன். சேசையா."

"காலையில எந்திரிச்சதும் சேசையாவுக்கு நல்லது நடக்கணும்னு கேளுங்க. வேற ஒண்ணும் கேக்க வேண்டாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மறுநாள் காலையில் கஸ்பாரால் அந்தப் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. போய்ச் சொன்னார்.

"அப்ப தொடங்கிருச்சு," என்றார் இஞ்ஞாசியம்மா.

அவரும் தினமும் காலையில் உள்ளறையில் முழந்தாள் போடுவார். சில நாள் சீக்கிரம் எழுந்து வந்துவிடுவார். சில நாள் கதவு திறக்கவே திறக்காது. கஞ்சி ஆறிப்போகும். காத்திருக்கும் கிழங்கட்டைகளுக்குப் பொறுமை போய்விடும். அதிலும் சலேத்தம்மாளுக்கு வாய் அதிகம்.

"கடவுளுக்கு என்ன, காது மந்தமா? இம்புட்டு நேரமா கேக்க?"

எல்லோரும் சிரிப்பார்கள். கஸ்பாரும் சிரிப்பார்.

கல்லறைத் திருநாள் வந்தது. செத்தவர்களை நினைத்து ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் நாள். சாயங்காலம் மெழுகுவத்தியும் பூவும் கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். சலேத்தம்மாளுக்கு மணலில் நடக்க முடியாது. கஸ்பார் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

இரண்டு சிலுவைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் முன்னால் இஞ்ஞாசியம்மா முழந்தாளிட்டிருந்தார். மற்றதன் முன்னால் சலேத்தம்மாள் உட்கார்ந்தார்.

"இது யாரு, ஆச்சி?"

"என் மகன் ரெமி. அது இஞ்ஞாசி புருசன் சூசை. ரெண்டு பேரும் ஒரே வள்ளம்." சலேத்தம்மாள் மெழுகுவத்தியை மணலில் நட்டார். "சூசை கரை ஒதுங்கினான். என் புள்ளை ஒதுங்கல. இதுக்குக் கீழ வெறும் மண்ணுதான்."

"புயலா?"

"புயலு என்ன புயலு. மார்கழிப் பனி. விடியக்காலம் வலை எடுக்கப் போனவனுக மேல ஒரு லாஞ்சி ஏறிப்போச்சு. நிக்கவே இல்ல. கரைக்கு வந்த பலகையில பச்சைப் பெயிண்டு அப்பியிருந்துச்சு."

கஸ்பாரின் கையிலிருந்த தீப்பெட்டி கீழே விழுந்தது.

விண்ணரசிக்குப் பச்சைப் பெயிண்ட். அந்த மார்கழி விடியலில் சுக்கானைப் பிடித்திருந்தது அவர்தான். பனியில் லாஞ்சியின் மூக்கான முன்னணியம்கூடத் தெரியவில்லை. அடியில் ஏதோ மடாரென்று முறிந்தது. கூட இருந்த தொம்மை, "அண்ணே, எதையோ இடிச்சிட்டோம், திருப்புங்க," என்றான். "ஏதாவது மரக்கட்டையா இருக்கும், விடுடா," என்று சொல்லி இன்ஜினைக் கூட்டினார். மறுநாள் துறைமுகத்தில் புன்னைத்துறை வள்ளம் ஒன்றைக் காணோம் என்று பேசிக்கொண்டார்கள். அந்த வாரமே விண்ணரசிக்கு நீலம் அடிக்கச் சொன்னார். மரக்கட்டை, மரக்கட்டை என்று சொல்லிச் சொல்லி அதை மரக்கட்டையாகவே ஆக்கிவைத்திருந்தார்.

யாருடைய மரக்கட்டை என்று இப்போது தெரிந்தது.

பக்கத்துச் சிலுவையில் குனிந்திருந்த இஞ்ஞாசியம்மாவின் முதுகைப் பார்த்தார். பார்க்க முடியவில்லை. சலேத்தம்மாளைப் பார்த்துக்கொள்ளும்படி வேறொருத்தியிடம் சொல்லிவிட்டு மணலில் விழுந்தடித்து நடந்தார்.

கஞ்சி வீட்டுக்கு வந்து இரண்டு சட்டை, ஒரு வேட்டி, போர்வை எல்லாவற்றையும் பையில் திணித்தார். வாசலுக்கு வந்தபோது இஞ்ஞாசியம்மா எதிரே வந்துகொண்டிருந்தார்.

"கிளம்பிட்டீங்களா, அண்ணே?"

"ஆமாம்மா. மக வீட்டுக்கு."

"சரி. போறதுக்கு முன்னால ஒண்ணு கேக்குதேன். தொம்மையைத் தெரியுமா?"

கஸ்பாரின் கை பையை இறுகப் பிடித்தது.

"ஈரல் கெட்டுப்போயி பெரிய ஆஸ்பத்திரியில கிடந்தான். நான் நோயாளிகளைப் பாக்கப் போவேன்ல, அப்ப பாத்தேன். எந்த ஊருன்னு கேட்டான். புன்னைத்துறைன்னேன். அழுதான். சாகிறதுக்கு முன்னால எல்லாத்தையும் சொல்லிட்டான். லாஞ்சி பேரு, டிரைவர் பேரு."

"அது எப்ப?"

"நீங்க இங்க வர்றதுக்கு முந்தின வருசம்."

கஸ்பாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப... நான் வந்த அன்னைக்கே..."

"நீங்க பேரைச் சொன்னதுமே தெரியும்."

"தெரிஞ்சா எனக்குக் கஞ்சி ஊத்தினீங்க?"

"ஊத்த முடியல. அகப்பையைத் தூக்க கை வரல. பானையில கொதிக்கிறதை உங்க தலையில கவுத்திரலாமான்னு இருந்துச்சு. அதான் உள்ள போனேன்."

"தினமும் உள்ள போறது?"

"அதுக்குத்தான்."

"எனக்காகவா?"

"உங்களுக்காக ஒண்ணும் கேக்கல, அண்ணே. உங்க தட்டுல ஊத்த என் கை வரணும்னு கேட்டேன். சில நாள் சட்டுனு வந்துரும். சில நாள் வராது. வர்ற வரைக்கும் எந்திரிக்கிறதில்ல."

கஞ்சி ஆறிக் கிடந்த காலைகள் எல்லாம் கஸ்பாருக்கு நினைவு வந்தன. எல்லோரோடும் சேர்ந்து தானும் சிரித்தது நினைவு வந்தது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகை வரவில்லை.

"போலீசுக்குப் போயிச் சொல்லிருதேன்," என்றார் கடைசியில்.

"போங்க. முதல்ல சலேத்துகிட்ட சொல்லுங்க."

"அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நீங்களே சொல்லக் கூடாதா, அம்மா?"

"என் புருசனுக்கு நான் பதில் சொல்லிக்கிடுவேன். அவ மகனுக்கு நான் யாரு?"

மறுநாள் காலை கஞ்சி வீட்டில் சலேத்தம்மாள் முன்னால் கஸ்பார் முழந்தாளிட்டார். விண்ணரசி என்றார். பனி என்றார். நிறுத்தாமல் போனேன் என்றார். சுற்றி இருந்தவர்களின் தட்டுகளில் சத்தம் நின்றுபோயிற்று.

சலேத்தம்மாள் அழவில்லை. ஏசவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவன் சத்தம் போட்டானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தார். தொம்மைக்கும் தெரியாத ஒன்று அது. இத்தனை காலம் தனக்குத்தானே மறைத்துவைத்தது.

"போட்டான்," என்றார். "கேட்டுச்சு."

சலேத்தம்மாள் தட்டைக் கீழே வைத்தார். சுவரைப் பிடித்து எழுந்தார். யாரையும் பிடிக்கவிடாமல், மணலில் தனியாகவே நடந்து போனார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. இதற்கிடையில் கஸ்பார் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பழைய விவகாரம், விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறோம், ஊரைவிட்டுப் போகக் கூடாது என்றார்கள்.

"சலேத்தம்மா பட்டினி கிடக்காங்க," என்றார் இஞ்ஞாசியம்மாவிடம். "நீங்க செபிச்சா கேக்கும்னு சொல்லுதாங்களே. அவங்களை வரவைங்க, அம்மா."

"அவ ஏன் வரணும்? நீங்க கொண்டு போங்க."

"நானா?"

"நீங்கதான்."

தூக்குச்சட்டியில் கஞ்சியும் துவையலும் எடுத்துக்கொண்டு போனார். சலேத்தம்மாள் கதவைத் திறந்தார். தூக்குச்சட்டியை வாங்கினார். கஸ்பாரின் கண் முன்னாலேயே மணலில் கவிழ்த்தார். வெறும் சட்டியை அவர் காலடியில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். காக்கைகள் வந்து பொறுக்கின.

"கவுத்திட்டாங்க," என்றார் திரும்பிவந்து.

"நாளைக்கும் கொண்டு போங்க," என்றார் இஞ்ஞாசியம்மா. சலேத்தம்மாளின் பங்கைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் தனியாகக் கொடுத்தனுப்பினார்.

மறுநாளும் சலேத்தம்மாள் கவிழ்த்தார். ஒருநாள் கஞ்சியை அவர் மேலேயே வீசினார். தெருவே பார்த்தது. ஒருநாள் கதவைத் திறக்கவே இல்லை.

கஸ்பாருக்குக் கால் போகவில்லை. தூக்குச்சட்டியைக் கையில் எடுப்பார், திரும்ப வைப்பார். ஒரு காலையில் அதை அப்படியே வைத்துவிட்டு விறகுக் கொட்டிலுக்குள் போய் முழந்தாள் போட்டார். மனப்பாடமான செபம் ஒன்றும் வாயில் வரவில்லை.

"அந்தத் தெரு வரைக்கும் கால் போகணும்," என்றார். அவ்வளவுதான் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

எழுந்து வந்தபோது கஞ்சி ஆறியிருந்தது. இஞ்ஞாசியம்மா ஒன்றும் கேட்காமல் அதைத் திரும்பச் சூடாக்கிக் கொடுத்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் உள்ளறை, விறகுக் கொட்டில் என்று இரண்டு இடத்தில் கதவு சாத்தியிருந்தது. காத்திருந்தவர்கள் முணுமுணுப்பதை விட்டுவிட்டார்கள்.

மார்கழி பிறந்து பனி இறங்கத் தொடங்கிய ஒரு நாள். சலேத்தம்மாள் தூக்குச்சட்டியை வாங்கினார். கவிழ்க்கவில்லை. கஸ்பாரின் முகத்தையும் பார்க்கவில்லை. சட்டியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கஸ்பார் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார். நம்ப முடியவில்லை. பிறகு அந்த வயதில் ஓடக் கூடாத ஓட்டம் ஓடிவந்தார்.

இஞ்ஞாசியம்மா அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தார்.

"அம்மா, சலேத்தம்மா வாங்கிக்கிட்டாங்க."

"இன்னைக்கு வாங்கிக்கிட்டா," என்றார் இஞ்ஞாசியம்மா.

கஸ்பார் மூச்சு வாங்கினார். இத்தனை நாளாய்க் கேட்கத் துணியாத ஒன்று அப்போதைய சந்தோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

"நீங்க என்னை மன்னிச்சிட்டீங்களா, அம்மா?"

இஞ்ஞாசியம்மா நிமிர்ந்தார். கையிலிருந்த சாம்பலைத் தட்டினார். அவரை நேராகப் பார்த்தார்.

"இன்னைக்குக் காலையில மன்னிச்சேன்."

கஸ்பாரின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு விடிஞ்சதும் திரும்பக் கேக்கணும், அண்ணே."