திரை அணைந்தால் தூங்கும் எச்சரிக்கை

ஆற்றூர் அரசர் இளவழுதிக்கு ஒரு பெருமை இருந்தது. குடிமக்கள் எல்லோர் கையிலும் அரண்மனையே செய்து கொடுத்த போன். அணை திறந்தால் அலறுவதற்கு அதில் வெள்ள எச்சரிக்கைச் செயலியும் உண்டு.

அணை திறந்தது. ஒரு போனும் அலறவில்லை. மேலத்துறையில் நாற்பது வீடுகளை ஆறு கொண்டுபோனது.

தலைமைப் பொறியாளர் தண்டபாணி சபையில் மீசையைத் தடவினார். "குற்றம் மக்களுடையது, அரசே. செயலியைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். திரை அணைந்ததும் பேட்டரியை மிச்சம் பிடிக்கப் போன் அதை நிறுத்திவிடும். யாரும் பார்க்காதபோது அதற்கென்ன வேலை?"

மேலத்துறை ஜனங்களைக் கூரையிலிருந்து இறக்கிவிட்டு ஈரச் சேலையோடு வந்திருந்த அமைச்சர் நப்பின்னைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெளியே ஒட்டவைத்தால் அப்படித்தான் ஆகும். போனையே ஓட்டுகிற இயங்குதளத்துக்குள்ளேயே அதைச் சேர்த்துக் கட்டுங்கள். திரை அணைந்தாலும் பின்னால் விழித்திருக்கும்."

"அம்மையாருக்கு இயங்குதளமெல்லாம் தெரியுமோ?" என்றார் தண்டபாணி. சபை சிரித்தது.

அரசர் கையை உயர்த்தினார். "நாளைக்குள் எனக்குப் புரியவை, நப்பின்னை. முடியாவிட்டால் பதவியை விட்டுவிடு."

"இவருடைய விதியை அரண்மனையில் ஒரே ஒரு நாள் நடத்த அனுமதியுங்கள், அரசே. போதும்."

"அனுமதித்தேன்."

மறுநாள் சாப்பிட்டுவிட்டு அரசர் கண்ணயர்ந்தார். விழித்தால் கட்டில் முழுக்கக் குரங்குகள்! ஒன்றின் தலையில் கிரீடம். இன்னொன்று அரச முத்திரையைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"காவலர்களே!"

எட்டுப் பேர் ஓடிவந்தார்கள். "நீங்கள் கண்ணை மூடியதும் எங்களை அனுப்பிவிட்டார்கள், அரசே. யாரும் பார்க்காதபோது வேலை கிடையாதாம். தண்டபாணியாரின் விதியாம்."

சத்தம் கேட்டு வந்த தண்டபாணி கத்தினார். "மடையர்களா! அரசர் தூங்கும்போதுதானே காவல் வேண்டும்!"

"நேற்று நான் சொன்னதும் அதுதான்," என்றாள் நப்பின்னை. "உமக்குப் புரியக் குரங்கு வர வேண்டியிருந்தது."

"எந்நேரமும் விழித்திருந்தால் பேட்டரி தாங்குமா?"

"காவலன் நாள் முழுக்கவா ஓடுகிறான்? வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பான். கதவு தட்டினால்தான் எழுவான்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "செயலியை இயங்குதளத்துக்குள் நீயே முன்னின்று கட்டு, நப்பின்னை!"

ஐப்பசியில் மறுபடி அணை திறந்தது. சட்டைப்பையிலும் அரிசிப் பானை மேலும் கிடந்த போன்களெல்லாம் அலறின. மேலத்துறை முழுவதும் மேட்டுக்கு ஏறியது.

அரசர் நப்பின்னைக்கு முத்துமாலை போட்டார். தண்டபாணி மெல்லக் கேட்டார்: "என் பதவி, அரசே?"

"இருக்கட்டும்," என்றாள் நப்பின்னை. "அவர் விதிப்படியே, நீங்கள் அவரைப் பார்க்கிறவரைக்கும்."

அரசர் சிரித்துக்கொண்டே முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.