இன்னாசிமுத்துவின் வலது கால்

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோர உப்பளம் ஒன்றில் உப்பு வாரிப் பிழைத்தவர் இன்னாசிமுத்து. விடியுமுன் பாத்தியில் இறங்குவார். இறங்கியதும் வாருபலகையின் நுனியால் தண்ணீரில் ஒரு சிலுவை வரைவார். வரைந்த கணமே அது கலைந்துவிடும். "இன்னைக்கும் ஒம்ம வேலதான் ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு வாரத் தொடங்குவார்.

ஒரு வருடம் கோடை மழையில் குவித்த உப்பெல்லாம் கரைந்தது. மறு வருடம் மனைவி செசிலியம்மாள் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். உடன் வேலை செய்தவர்கள் கேலி பேசினார்கள்.

"என்னவே இன்னாசி, ஒம்ம சாமி உப்பயும் கரைச்சிட்டாரு, பொஞ்சாதியயும் கூட்டிட்டுப் போயிட்டாரு. இன்னும் என்னத்துக்கு முழங்கால் போடுதீரு?"

"அழுறதுக்கு அவர விட்டா எனக்கு யாருவே இருக்கா?" என்றார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து, பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் வலது காலைக் கழுவி முத்தமிடுவார். சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுப்பார்கள். இருபது வருடமாக அவர் பெயர் வரவில்லை.

அந்த வருடம் அவர் பெயர் வந்தது. ஆனால் அதற்குள் சர்க்கரை நோயும் உப்புநீரும் சேர்ந்து அவர் வலது பாதத்தை அழுக வைத்திருந்தன. ஈஸ்டர் முடிந்த திங்களன்று கணுக்காலோடு எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னாசிமுத்து சிறுபிள்ளைபோல் பயந்தார். 'கால் போறதுக்கு முன்ன ஒரு தடவ நீரு தொட்டாப் போதும் ஆண்டவரே' என்று மட்டும் வேண்டிக்கொண்டார்.

வியாழன் மாலை கோயில் வாசலிலேயே கமிட்டித் தலைவர் கஸ்பார் அவரை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, சாமியாரு முத்தம் பண்ணணும்லா? புண்ணு நாறுது. அடுத்த வருசம் பாப்போம்."

அடுத்த வருடம் அந்தக் கால் இருக்காது. இன்னாசிமுத்து கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்து, கண்ணை மூடி, "ஒமக்குத் தெரியும்" என்றார்.

பதினொரு பேரின் காலைக் கழுவி முடித்த சாமியார் வெறும் நாற்காலியைப் பார்த்தார். கையில் இருந்த தாளைப் பார்த்தார். "இன்னாசிமுத்து எங்க?"

"அவருக்குக் கால் சரியில்ல சாமி" என்றார் கஸ்பார்.

சாமியார் தாம்பாளத்தையும் செம்பையும் தாமே தூக்கிக்கொண்டு கடைசிப் பெஞ்சுக்கு நடந்தார். மண்டியிட்டார். கூச்சத்தில் இன்னாசிமுத்து நல்ல காலான இடது காலை நீட்டினார்.

"இது இல்லைய்யா. மத்தது."

"நாறும் சாமி."

"குடுங்க."

துணிக்கட்டைச் சாமியாரே அவிழ்த்தார். தண்ணீர் ஊற்றினார். ஒற்றித் துடைத்தார். குனிந்து முத்தமிட்டார். மாதக்கணக்காக உணர்வற்றிருந்த அந்தக் காலில், அந்த ஒரு நொடி தண்ணீரின் குளிர்ச்சி தெரிந்ததாம்.

திங்களன்று அந்தக் காலை எடுத்துவிட்டார்கள். அறுவை அறைக்குள் போகுமுன் நர்ஸ் கேட்டார்: "பயமா இருக்கா தாத்தா?"

"இருக்கு தாயி. ஆனா ஆண்டவரு பாத்துட்டாருல்லா. அவருக்குத் தெரியாம எதுவும் போவல."

ஊன்றுகோலோடு அவர் கோயிலுக்கு வந்த முதல் ஞாயிறு, கஸ்பார் எழுந்து தம் இடத்தில் அவரை உட்காரவைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றார். கால் போன பிறகும் அதைக் கொடுத்தவரைக் குறை சொல்லாத ஓர் எளியவர் அந்தக் கரையில் வாழ்ந்தார். அவரைத் தேடிக் கடைசிப் பெஞ்சுவரை நடந்த ஆண்டவருக்கே புகழ்.