முட்டை போடாத கெண்டை

மீன்குஞ்சுக்குச் சொல்லிவைத்திருந்த விவசாயிகள் முன்னால் பண்ணை மேலாளர் தணிகாசலம் கத்தினார்: "கெண்டை வயிறு முட்ட நிக்குது, ஏன் இன்னும் முட்டை போடலே? சாயங்காலத்துக்குள்ளே போட்டாகணும்!"

தொட்டி கழுவும் பூவாயி பணிவாகச் சொன்னாள்: "தொட்டியில அது தானா முட்டை போடாது, ஊசி போடணும் சார். அந்த மருந்து இன்னொரு முத்துன மீனோட மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பியில இருந்துதான் வரணும். அதுக்குன்னு வச்சிருந்த ஒரே மீனோட தலையை நேத்து நீங்க குழம்புக்கு வாங்கிட்டுப் போயிட்டீங்க. ஊசி எடுத்துட்டு வரேன், உங்க வயித்துல இருந்து உறிஞ்சிக்கலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சிரித்து முடித்த விவசாயிகள், இந்த வருஷம் குளம் காலிதான் என்று கிளம்பினார்கள்.

பூவாயி கெண்டையைப் பார்த்து முணுமுணுத்தாள்: "இன்னிக்குப் பேசின என் வாய் நேத்து எங்கே போச்சு? தலையை வெட்டிக் கொடுத்தது நான்தானே."