நகரமாட்டேன் என்ற சாமியார்

நெட்டேரி மடத்துச் சாமியாருக்கு மூன்று சீடர்கள்: சிங்காரம், வைரவன், மாசிலாமணி. மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு புத்தி இருந்தது. குரு பூர்ணிமை அன்று அது யாரிடம் இருந்தது என்று தெரியவில்லை.

அன்று சாமியார் முந்தின நாளிலிருந்தே பட்டினி. முற்றத்தில் மணை போட்டு அவரை உட்காரவைத்து, சீடர்கள் பாதத்தைக் கழுவிப் பூப் போட்டார்கள். பந்திக் கூடத்திலிருந்து வடை வாசனை வந்தது.

மழைக்காலம் முழுக்க ஊர் ஊராக அலையாமல் ஓரிடத்தில் தங்குவதாக, சந்நியாசிகள் அன்றைக்குச் சங்கல்பம் செய்வது வழக்கம். சாமியாரும் கண்ணை மூடிச் சொன்னார்: "இன்று முதல் நான்கு மாதம் இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்."

சொல்லிவிட்டுச் சாப்பிட எழுந்தார். சிங்காரம் காலைப் பிடித்துக்கொண்டான்.

"சாமி, சங்கல்பம்!"

"ஊரை விட்டுன்னு அர்த்தம்டா மடையா. காலை விடு."

"நம்மைச் சோதிக்கிறார்டா," என்றான் வைரவன். "குரு பெரிசா, குரு சொன்ன சொல் பெரிசா?"

"சொல்தான்," என்றான் மாசிலாமணி. "குருவுக்குப் பசிக்குது. சொல்லுக்குப் பசிக்கலையே."

மூவரும் சேர்ந்து குருவை மணையில் அழுத்தி உட்காரவைத்தார்கள்.

"சரி, இலையை இங்கேயே கொண்டு வாங்கடா."

"போன வருஷம் நாங்க பாயசத்தை மாட்டுத் தொழுவத்துல வச்சுக் குடிச்சப்போ, கூடத்தை விட்டு ஒரு பருக்கை வெளியே போகக் கூடாதுன்னு நீங்கதானே சாமி சொன்னீங்க?" என்றான் சிங்காரம்.

சாமியார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதுவும் உத்தரவாகிவிடுமோ என்று பயந்து மூடிக்கொண்டார்.

சாமி கூடத்துக்குப் போக முடியாது. சோறு முற்றத்துக்கு வர முடியாது. சீடர்கள் தலையைச் சொறிந்தார்கள்.

"நடுவுல நிக்கிற சுவர்தான் கெட்டது," என்றான் வைரவன். "அதை எடுத்துட்டா முற்றமும் கூடம்தானே?"

கடப்பாரை வந்தது. சுவர் விழுந்தது. வடை, சாம்பார், பாயசம் எல்லாவற்றின் மேலும் விழுந்தது. மூலையில் சோற்றுப் பானை மட்டும் தப்பியது.

சாமியார் துள்ளி எழுந்து வாசலைத் தாண்டி ஓடினார்.

"ஐயையோ, சாமி ஓடறாரே!" என்றான் சிங்காரம்.

"வாயைக் கழுவுடா," என்றான் வைரவன். "நகரமாட்டேன்னு சொன்னவர் ஓடுவாரா? சாமி மணையிலேதான் இருக்கார். நம்ம பாவக் கண்ணுக்குத் தெரியலை. அது சாமியோட காவியைக் கட்டிக்கிட்டு ஓடற திருடன். பிடி!"

துரத்திப் பிடித்துக் கொண்டுவந்து முற்றத்துத் தூணில் கட்டினார்கள். பிறகு வெறும் மணையின் முன்னால் விழுந்து கும்பிட்டு, "சாமி, இவனை என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்கள். மணை பேசவில்லை.

"விரதம் முடிஞ்சு சொல்லுவார்," என்றான் மாசிலாமணி. "அதுவரைக்கும் நாலு மாசம் இவன் இங்கேயே கிடக்கட்டும்."

"பாவிகளா, பானையில இருக்கிற சோத்துல ஒரு வாயாவது போடுங்கடா," என்று தூணிலிருந்து அழுகுரல் வந்தது.

வைரவன் மணையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தூணின் பக்கம் திரும்பி முறைத்தான்.

"சாமியே இன்னும் சாப்பிடலை. திருட்டுப்பயலுக்கு அதுக்குள்ள பசியா?"