குங்குமக் கலர் சுவிட்ச்

ஒரு ஊர்ல ஒரு மாவுக்கடை இருந்துச்சாம். கடைக்காரி பேரு பூங்காவனம். கிரைண்டர் கடகடகடன்னு ஓடும், இட்லி மாவு புஸ்ஸுன்னு பொங்கும். ம் கொட்டுடி, அதுக்குள்ள கண்ணு சொருகுது பாரு.

"ம்."

அப்புறம் அவ கடைக்கு ஒரு வெப்சைட் போட்டா. தினகரன்னு ஒருத்தன்தான் செஞ்சு குடுத்தான். ஆர்டரெல்லாம் அதுலதான் வரணும். கடைக்காரிக்கு மட்டும் உள்ள தனியா ஒரு பக்கம். அதுல "ஆர்டர் எடுக்கலாம்"னு எழுதி, பக்கத்துல ஒரு குட்டி சுவிட்ச். விரலால தள்ளினா டொக்குன்னு நகரும்.

வெள்ளிக்கிழமை, நல்ல நாள்னு ஆரம்பிச்சா. பார்த்தா சுவிட்ச் சிவப்பா இருக்கு. சிவப்புன்னா மூடியிருக்குன்னுதானே அர்த்தம்? பச்சைப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே! டொக்குன்னு தள்ளி பச்சையாக்கிட்டு உட்கார்ந்தா. ஒரு ஆர்டர் வரல. மாவு அத்தனையும் புளிச்சுப் போச்சு.

அப்போ தினகரனுக்குப் போன் போட்டா. "சுவிட்ச் ஆன்ல இருக்கான்னு பாருங்கக்கா"ன்னான். பச்சையாத்தானே இருக்கு, பாவி! சனிக்கிழமையும் அதே கதை, ஒரு ஈ காக்கா வரல. புளிச்ச நாத்தம் தாங்காம வீட்டுக்காரர், "நாளைக்கும் மாவு போகலைன்னா கடையை மூடிடு"ன்னுட்டார். ராத்திரி முழுக்க அழுதேன்டி நான்.

"அம்மா, அது நீதானே?"

குறுக்க பேசாதே. ம் மட்டும் சொல்லு.

"ம்."

ஞாயித்துக்கிழமை காலையில மணி ஏழாச்சு. அப்பவும் ஒண்ணும் வரல. போனைத் தூக்கிட்டு விடுவிடுன்னு தினகரன் வீட்டுக்கே போனா. பல்லு தேய்ச்சுக்கிட்டே வந்தான். போனை வாங்கி டொக்குன்னு சிவப்புக்குத் தள்ளினான். "இதுதான்க்கா ஆன்."

"சிவப்பாடா ஆன்?"

"நீங்கதானேக்கா குங்குமமும் வெத்தலைப் பச்சையும்தான் மங்களம், வேற கலரே போடாதேன்னீங்க? குங்குமத்தை ஆனுக்குப் போட்டேன், மிச்சத்தை ஆஃபுக்குப் போட்டேன்."

"அது மேல கடைப் பேரு எழுதுறதுக்குச் சொன்னதுடா! சுவிட்சுக்கா சொன்னேன்? சிக்னல்ல சிவப்பு விழுந்தா நீ வண்டியை ஓட்டிட்டுப் போவியா?"

"நிப்பேன்க்கா."

"அப்போ என் கடை மட்டும் சிவப்புல எப்படிடா ஓடும்? ரெண்டு நாள் மாவு! என் கைக்காசு போட்டு வாங்கின உளுந்து, அரிசி! நீ..."

டிங்! டிங்! டிங்! கையில இருந்த போன் கத்துது. அவன் தள்ளினானே, கடை திறந்துடுச்சு! திட்டுறதைப் பாதியில விட்டுட்டு ஓடினா. ஒன்பது மணிக்குப் பாத்திரத்துல ஒட்டின மாவுகூட மிச்சமில்ல.

"அப்புறம் சுவிட்ச்?"

இப்போ திறந்தா பச்சை. மூடினா சாம்பல் கலர். மங்களமாவது மண்ணாங்கட்டியாவது! ஆனா அந்த மீதித் திட்டு இன்னும் பாக்கி இருக்கு, வரட்டும் அவன்.

"ம்..."

மத்தியானமாச்சு, கடையை சாம்பலுக்குத் தள்ளியாச்சு. கதையையும் தள்ளியாச்சு. கண்ணை மூடுடி.