ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி

கோவையில் ஒரு ஃபேன் கம்பெனி. அங்கே பயிற்சி அதிகாரி ஞானவரதன். "ஃபேன் பூட்டப் பழக, கண்ணு முன்னால பொய் ஃபேனைக் காட்டுற இந்த விஆர் கண்ணாடியே போதும். நிஜ ஃபேனைத் தொட்டுப் பழகணும்கிறவங்க வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார். புதிதாகச் சேர்ந்த செண்பகவல்லிக்கு இந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெறுங்காற்றில் திருகாணி முடுக்கி, நூற்றுக்கு நூறு வாங்கினாள்.

ஒருநாள் முதலாளியம்மா வந்தார். "இந்தப் பொண்ணு நிஜ ஃபேனைத் தொட்டதே இல்லைங்க. இப்போ பூட்டுவா பாருங்க" என்று பெருமையடித்தார் அதிகாரி.

செண்பகவல்லி ஃபேனைப் பூட்டி, ஏணியேறி மாட்டினாள். இறங்கிவந்து அதற்கு நேர்கீழே ஒரு நாற்காலியைப் போட்டாள்.

"நீங்க சொல்லிக்கொடுத்த வேலைங்க சார். முதல் காத்து உங்களுக்குத்தான். உட்காருங்க, சுவிட்சைப் போடறேன்."

ஞானவரதன் அண்ணாந்து பார்த்தார். "எனக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று நகர்ந்துகொண்டார்.

முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நீங்க மருந்து வாங்கிக்கோங்க. பழக வந்தவங்களுக்கு நாளைக்கே நிஜ ஃபேனும் ஸ்க்ரூடிரைவரும் வாங்கிக் கொடுங்க" என்றார்.